கண்டன் பூச்சையும் சாளை வெள்ளமும்

எங்கள் சமையலறையில் தொங்கும் நகைக்கடைக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருக்கும். இரண்டு, மூன்று, சில நாள் நான்கு. பார்க்கிறவர்கள் பால் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மையும் திருத்த மாட்டாள். எங்கள் பூனை அன்றைக்கு எத்தனை தடவை மூத்திரம் போனான் என்ற கணக்கு அது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஒருநாள்கூட அவள் விட்டதில்லை.

பூனை என்று எழுதுகிறேனே தவிர, எங்கள் குமரி மாவட்டத்தில் அது பூச்சைதான். ஆண் என்றால் கண்டன் பூச்சை. மற்ற ஜில்லாக்காரர்கள் கடுவன் என்பார்கள். எங்கள் கண்டனுக்குக் குட்டப்பன் என்று பெயர். செம்மஞ்சள் நிறம், நாலரைக் கிலோ. திங்கள்சந்தையிலிருந்து நான் காய்கறிப் பையோடு நடந்து வந்த ஒரு மழைநாளில் பின்னாலேயே வந்து வீட்டுக்குள் நுழைந்தவன். ஒரு வயதில் அவனுக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தோம். அதன் பிறகு உலகத்தைச் சுற்றும் ஆசையெல்லாம் போய், திண்ணையும் பிரிட்ஜ் மேல்தட்டும்தான் அவன் ராஜ்ஜியம்.

சாப்பாடு எங்கள் சாப்பாடுதான். மேற்குக் கடற்கரைப் பக்கம் மீன் இல்லாத வீடு குறைவு. கடியபட்டணத்திலிருந்து வரும் மீன்காரி அக்கா அலுமினியச் சருவத்தை இறக்கி வைத்ததும் முதல் ஆளாக அங்கே நிற்பவன் அவன். சாளை என்கிற மத்தியோ நெத்தோலியோ, உப்பும் மசாலாவும் போடுமுன் அம்மை கொஞ்சம் தனியாக வேகவைத்து, முள்ளெடுத்து, வெந்த வெள்ளத்தோடு, அதாவது அந்தத் தண்ணீரோடு, ஒரு பிடி சோறு பிசைந்து வைப்பாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தான்.

அப்புறம் அந்த ஜூன் மாதம் வந்தது.

குமரி மாவட்டத்துக்கு மட்டும் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. கிழக்குக் கரைப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, எங்கள் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒவ்வொன்றும் 61 நாள். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வள்ளக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக் கடல் இளகினால் அதுவும் கிடையாது. சாளை விலை கேட்டால் தங்க விலை மாதிரி இருந்தது. மனிதனுக்கே சம்பந்தி என்கிற துவையலும் சோறும் என்றான பிறகு பூனைக்கு என்ன செய்ய? நான்தான் கடையில் போய் மூன்று கிலோ உலர் தீனிப் பையைத் தூக்கி வந்தேன். ஒரு கிண்ணத்தில் கொட்டி வைத்தால் போதும், நாள் முழுக்க கறுக் கறுக்கென்று கொறித்துக்கொள்வான். பள்ளிக்கூடம் திறந்த மாதம், எனக்கும் வேலை மிச்சம். அம்மை மட்டும் முனகினாள். “இது என்னட்டி, மிக்ஸர் மாதிரி இருக்கு. இதத் தின்னா நெஞ்சு அடைக்காதா?” இடையிடையே அவனுக்கு நெத்தோலிக் கருவாட்டுத் தலையைக் கிள்ளிப் போட்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூலை நடுவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மழை. வெளியே போக முடியாததால் பின்பக்க வராந்தாவில் மண் தட்டு வைத்திருந்தோம். வீடு கட்டியபோது மிச்சமான எம்-சாண்ட். குட்டப்பன் போய் உட்கார்ந்தான். எழுந்தான். இரண்டடி நடந்து திரும்பப் போய் உட்கார்ந்தான். இப்படி ஏழெட்டுத் தடவை. ஒரு மாதிரி நீளமாகக் கத்தினான், பசிக்குக் கத்துகிற கத்தல் இல்லை. பின்னங்காலைத் தூக்கி அடியில் நக்கிக்கொண்டே இருந்தான்.

“அதுக்கு வயித்துக்கட்டு” என்றாள் அம்மை. “அந்த மிக்ஸரத் தின்னா பின்ன என்ன செய்யும்? ஒரு சொட்டு வெளக்கெண்ணெ குடு, காலத்த சரியாவும்.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முக்குகிற பூனையைப் பார்த்தால் யாருக்கும் மலச்சிக்கல் என்றுதான் தோன்றும். ஆண் பூனைகளில் பாதிப்பேர் உயிர்போவது இந்த ஒரு தப்பான கணிப்பால்தானோ என்று இப்போது நினைக்கிறேன். இது கணக்கு இல்லை, என் ஆத்திரம். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மலம் இளகுவதற்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். ஒரு ராத்திரி அப்படிப் போயிற்று.

அந்த ராத்திரியில் வந்த யோசனைகளையும் எழுத வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வருஷாவருஷம் மூத்திரக்கல் வரும். விஷயம் கேட்டதும் வாழைத்தண்டுச் சாறு ஒரு டம்ளர் கொண்டுவந்து விட்டார். இன்னொருவர் வலிக்குப் பாரசிட்டமால் கால்வாசி கொடுக்கச் சொன்னார். நல்லவேளையாக வீட்டில் மாத்திரை இல்லை. பூனையின் உடம்பு பாரசிட்டமாலை முறிக்காது, கால் மாத்திரையே அதைக் கொல்லப் போதும் என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும். வாழைத்தண்டுச் சாறு விஷமில்லை, ஆனால் வாயில் ஊற்ற ஊற்ற அது போய்ச் சேருகிற இடம் ஏற்கெனவே நிரம்பி வழி அடைந்து கிடக்கிற மூத்திரப்பை.

ஞாயிறு காலை குட்டப்பன் குளியலறைத் தரையில் குளிர்ந்த ஓட்டில் வயிற்றை ஒட்டிப் படுத்திருந்தான். கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. நுரையாக வாந்தி. நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற டாக்டர் ஒருவரின் நம்பரை எங்கள் பள்ளி நூலகர் தந்தார். போனில் நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “ஆணா?” ஆமாம் என்றேன். “உடனே கிளம்புங்க. வயித்த அமுக்கிப் பாக்காதீங்க, பை வெடிச்சிரும்.”

சுங்கான்கடை தாண்டி பார்வதிபுரம் மேம்பாலம் ஏறும்வரை கூடையில் சத்தமே இல்லை. அம்மை வேளாங்கண்ணி மாதாவுக்கும் நாகராஜாவுக்கும் சேர்த்து நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் அதெல்லாம் சகஜம்.

டாக்டர் அவன் அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்ததும் முகம் மாறினார். என் விரலையும் பிடித்து மெதுவாக வைத்துக் காட்டினார். பெரிய எலுமிச்சம்பழம் மாதிரி, ஆனால் கல்லாக. இதயம் ஓட வேண்டிய வேகத்தில் ஓடவில்லை என்றார். மூத்திரம் வெளியே போகாவிட்டால் அதில் போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கும். அது ஏறினால் இதயம் மந்தமாகி நின்றுவிடும். முழு அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும் கதை. டிரிப் ஏற்றி, இதயத்துக்கு கால்சியம் ஊசி கொடுத்து, மயக்கி, ஆண்குறியின் நுனி வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை விட்டு, உப்புநீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி அடைப்பைப் பின்னுக்குத் தள்ளினார். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு வெளுத்த பசை, அதோடு குருமணல். அதற்குப் பின்னால் கட்டன் சாயா நிறத்தில் மூத்திரம் வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவா என்று ஆகிவிட்டது. அம்மை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

மூன்று நாள் குழாயோடு அங்கேயே இருந்தான். அடைப்பு எடுத்த பிறகு சிறுநீரகம் வெறி பிடித்த மாதிரி தண்ணீரை வெளியே தள்ளுமாம். அதை ஈடுகட்ட டிரிப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் விட்டதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிற இடங்களும் உண்டு என்று கேள்விப்படுகிறேன். அப்படிச் செய்ய நினைத்தால் விடாதீர்கள்.

ஏன் கண்டனுக்கு மட்டும் இந்தத் தொல்லை? பெட்டைப் பூனைக்கு மூத்திரப் பாதை குட்டை, அகலம். மணல் வந்தாலும் ஓடிவிடும். கண்டனுக்குப் பாதை நீளம், அதுவும் நுனிக்கு வரவரக் குறுகி, கடைசியில் ஒரு மில்லிமீட்டர்தான் தேறும். எங்கள் ஊர்ப் புனல் மாதிரி. அதில் கொஞ்சம் சளியும் மணலும் சேர்ந்தால் தக்கை. ஆபரேஷன் செய்ததால்தான் பாதை சுருங்கியது என்று ஒரு பேச்சு உண்டு, அளந்து பார்த்தவர்கள் அப்படி இல்லை என்கிறார்கள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு கொழுத்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து, மூத்திரத்தையும் அடக்கி வைத்துக்கொள்வது உண்மைதான். அது எங்கள் வீட்டு பிரிட்ஜ் மேலேயே நடந்தது.

நுண்ணோக்கியில் டாக்டர் காட்டியதை மறக்க முடியாது. கண்ணாடித் துண்டுகள் மாதிரி பளபளவென்று, ஒவ்வொன்றும் சரிந்த விளிம்போடு ஒரே வடிவம். “சவப்பெட்டி மூடி மாதிரி இருக்கா? அதுதான் ஸ்ட்ருவைட்.” எங்கள் பக்கத்தில் கோயில் முக்குக்கு முக்கு சவப்பெட்டிக் கடை இருப்பதால் அந்த வடிவத்தை அம்மைக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு நேராகப் போய் வெளியே உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்ட்ருவைட் என்பது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த உப்பு. 1845இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு தேவாலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பழைய கழிவு மண்ணில் கண்டெடுத்து, ஸ்ட்ரூவ் என்ற ரஷ்ய அதிகாரியின் பெயரை வைத்திருக்கிறார்கள். பூனை மூத்திரத்தில் இருப்பதற்கு ஒரு பிரபுவின் பெயர்! மூத்திரம் காரமாக இருந்தால் இது படியும், அமிலமாக இருந்தால் கரையும். இறைச்சி தின்கிற மிருகத்துக்கு மூத்திரம் இயல்பாகவே அமிலமாக இருக்கும். சோறும் தானியமும் கூடினால் காரப் பக்கம் சாயும். இன்னொரு வகை கால்சியம் ஆக்சலேட். நுண்ணோக்கியில் தபால் உறை மாதிரி தெரியும். அது எந்தத் தீனிக்கும் கரையாது, கல்லாக வளர்ந்தால் கத்திதான்.

இங்கேதான் தீனியைப் பற்றிய சண்டை வருகிறது. எங்கள் வீட்டில் நடந்த சண்டைக்கு முன்னாலேயே உலகம் முழுக்க அது நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் தீனியில் உள்ள சாம்பல்தான், அதாவது எரித்தால் மிஞ்சுகிற தாது மொத்தமும்தான் காரணம் என்றார்கள். பிறகு குற்றவாளி மக்னீசியம் ஆனது. கம்பெனிகள் மக்னீசியத்தைக் குறைத்து, மூத்திரம் அமிலமாகும்படி தீனியை மாற்றின. 1981இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மிருகங்களின் கற்களைச் சோதிக்க ஒரு மையம் தொடங்கியிருந்தார்கள். அங்கே வந்து குவிந்த பூனைக் கற்களில் ஆரம்பத்தில் பெரும்பாலும் ஸ்ட்ருவைட். தீனி மாறிய பிறகு அது குறைந்தது, பதிலுக்கு ஆக்சலேட் ஏறி வந்து முந்திக்கொண்டது. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைக்கிற பலூன். அதனால்தான் மூத்திரத் தொல்லைக்கென்றே வருகிற ‘யூரினரி’ தீனி கொடுக்கும்போது அதற்கு மேல் அமிலப் பொடி, மாத்திரை என்று நாமாக எதையும் சேர்க்கக்கூடாது என்கிறார்கள்.

எங்கள் வீட்டுச் சண்டை வேறு. அம்மை சொன்னாள், குற்றம் பாக்கெட் தீனி மேல். நான் சொன்னேன், குற்றம் கருவாட்டு மேல். முள்ளும் தலையும் பாஸ்பரஸ் மூட்டை, மேலே படிந்த உப்பு வேறு. இரண்டு பேரும் டாக்டர் முன்னாலேயே மோதிக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டு, “ரெண்டு பேரும் சொல்றது இருக்கட்டும், அவன் வெள்ளம் எவ்வளவு குடிக்கிறான்?” என்று கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, “நீங்க கணக்கு டீச்சர்தானே, போட்டுப் பாருங்க” என்றார்.

போட்டுப் பார்த்தேன். பூனைக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 50 மில்லி வாக்கில் தண்ணீர் வேண்டும், தீனியில் இருப்பதையும் சேர்த்து. நாலரைக் கிலோவுக்கு 225 மில்லி. வேகவைத்த மீனில் நூற்றுக்கு எழுபது தண்ணீர்தான். ஒரு எலியின் உடம்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பழைய சாப்பாட்டில் 200 கிராம் சாளையில் 140 மில்லி அவனுக்குத் தெரியாமலே உள்ளே போயிருக்கும். அம்மை பிசைந்த மீன் வெள்ளமும் சோற்றில் இருந்ததும் சேர்த்தால் கிண்ணத்துப் பக்கம் போகவே வேண்டாம். உலர் தீனியில் இருப்பது நூற்றுக்குப் பத்துக்குள். நாளைக்கு 60 கிராம் தின்றால் ஆறு மில்லி. மிச்சம் 219 மில்லியை அவன் நக்கியே குடிக்க வேண்டும்.

குடிக்க மாட்டான். பூனையின் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப் பூனைகள். இரையின் ரத்தத்திலும் சதையிலும் தண்ணீரை எடுத்துக்கொண்டு, மூத்திரத்தைப் பிழிந்து பிழிந்து கெட்டியாக்கி விடுகிற சிறுநீரகம் அவற்றுக்கு. தாகம் மந்தம். ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்கிற, குளமும் கால்வாயும் தென்னந்தோப்புமாகக் கிடக்கிற குமரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு குட்டப்பன் பாலைவனத்து மூத்திரம் பெய்துகொண்டிருந்தான். உலர் தீனி தின்கிற பூனை கூடுதலாகக் குடிக்கத்தான் செய்கிறது, ஆனால் ஈரத் தீனி தின்கிற பூனையின் மொத்தக் கணக்கை அது எட்டுவதில்லை. எந்த உப்பும் கெட்டியான நீரில்தான் படியும். உப்பளத்தில் நடப்பதும் இதுதானே.

ஆனாலும் எனக்கு உடனே புத்தி வரவில்லை. டாக்டர் கொடுத்த ‘யூரினரி’ தீனி உலர்ந்ததாகவும் வரும், பாக்கெட்டில் குழம்பாகவும் வரும். குழம்பு விலை கூடுதல். உலர்ந்ததையே வாங்கினேன். வேறு எதையும், மீனைக்கூட, தரக்கூடாது, மணல் கரைய சில வாரம் பிடிக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்று வாரம் கழித்து ஊசியால் மூத்திரம் எடுத்துப் பார்த்தார். அமிலக் கணக்கு (pH) 6.3, அது கொள்ளாம். அடர்த்தி 1.048. தண்ணீரை 1.000 என்று வைத்துக்கொண்டு அளக்கிற அளவு அது. பூனைக்கு இயல்பான அடர்த்திதான், ஆனால் ஒருமுறை அடைத்த கண்டனுக்கு 1.030 பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்றார். சிறப்புத் தீனிக்குக் கொடுத்த காசு மூத்திரத்தின் அமிலத்தை மாற்றிவிட்டது. கெட்டியை மாற்ற, ஊறவைக்க ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர் போதும் என்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து அந்தத் தீனியை அதன் எடைக்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் ஊறவைத்தோம். முதல்நாள் முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். முதலில் ஒரு கரண்டி, பிறகு இரண்டு என்று பத்து நாளில் கூட்டினோம். காலையில் உலர், ராத்திரி குழம்புப் பாக்கெட் என்றும் வைத்துப் பார்த்தோம். சுங்கான்கடையில் வண்டியை நிறுத்தி வாயகன்ற மண்சட்டி மூன்று வாங்கினேன். குறுகின கிண்ணத்தில் மீசை இடிப்பது பூனைகளுக்குப் பிடிக்காது என்பார்கள். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த சட்டியை அவன் சீண்டவே இல்லை. கிணற்றடியில் வைத்ததைக் காலி செய்தான். ஏன் என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

மணல் கரைந்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் சாளை வெள்ளம் திரும்ப வந்தது. உப்பு, மஞ்சள், உள்ளி என்கிற வெங்காயம் ஒன்றும் போடாமல் நாலு சாளையை வேகவைத்து, வெள்ளத்தை மட்டும் வடித்து, ஆறினதும் தீனிமேல் ஊற்றுவது. உள்ளி, பூண்டு இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், ஆகவே எங்கள் மீன்குழம்பு அவனுக்கு விஷம். இதயத்துக்கும் கண்ணுக்கும் பூனைக்கு அவசியமான டாரின் என்கிற சத்து தண்ணீரில் கரைந்து போகிற சரக்கு, மீனை வேகவைத்து வெள்ளத்தைக் கொட்டினால் அதுவும் சேர்ந்து போகும். அம்மை டாரினைக் கேள்விப்பட்டதில்லை, ஆனாலும் வெள்ளத்தைக் கொட்டினதே இல்லை. அதற்காக மீனை மட்டுமே போட்டு வளர்த்துவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். எண்ணெய் மீனே கதியென்று கிடந்தால் உடம்புக் கொழுப்பு கெட்டுப் போகும். சில பச்சை மீனில் தயாமின் சத்தை அழிக்கிற பொருள் உண்டு, வேகவைத்தால்தான் சாகும். மீன் அவனுக்கு இப்போது வாரத்தில் இரண்டு நாள் ருசிக்கு மட்டும்.

அம்மை கடைசிவரை கருவாட்டுக்காக வாதாடினாள். “உப்புத் தின்னா வெள்ளம் குடிப்பான்லா? அப்போ கருவாடு நல்லதுதானட்டி?” கேலி இல்லை, நல்ல கேள்வி. சில ‘யூரினரி’ தீனிகளில் தண்ணீர் குடிக்க வைப்பதற்காகவே உப்பை அளந்து கூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் சொன்னபோது அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் அளந்து போட்ட உப்புக்கும் கரையில் காயப்போட்ட நெத்தோலியின் உப்புக்கும் வித்தியாசம் உண்டே, அதோடு முள் வேறு. கருவாடு நின்றது. அம்மை இரண்டு நாள் பேசவில்லை.

மண் தட்டையும் மாற்றினோம். எம்-சாண்டில் மூத்திரம் போனதே தெரியாது, உறிஞ்சிக் கீழே இறங்கிவிடும். பக்கத்து வீட்டு அண்ணன் கடற்கரை மண் ஒரு சாக்கு கொண்டுவந்தார், மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுத்த மண். தோரியம் உள்ள மோனசைட் மண்ணைப் பூனை கக்கூசுக்குப் போட்ட வீடு எங்களுடையதாக இருந்திருக்கும். கறுப்பில் ரத்தம் தெரியாது என்று திருப்பிக் கொடுத்தேன். கடையில் கிடைக்கிற, நனைந்தால் உருண்டையாகக் கட்டிக்கொள்கிற மண்தான் உபயோகம். எத்தனை உருண்டை, எவ்வளவு பெரிது என்று எண்ணலாம். நாளைக்கு இரண்டு முதல் நான்கு, எலுமிச்சை அளவுக்கு மேல் என்றால் நிம்மதி. சுண்டைக்காய் அளவில் பத்துப் பன்னிரண்டு என்றால் கூடையை எடுக்க வேண்டியதுதான். காலண்டர் கோடுகள் அப்படித் தொடங்கியவை.

இடையில் ஒரு கூத்து. ஒருநாள் நானே சாமர்த்தியமாகத் தட்டில் பாசிமணி போட்டு மூத்திரம் பிடித்து, ஒரு சின்ன டப்பாவில் அடைத்து, பிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். சாயங்காலம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால், படிகங்கள் ஏராளம் என்று வந்தது. அம்மை அழத் தொடங்கிவிட்டாள். டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: “குளிரில வச்சீங்களா?” குளிர்ந்து, நேரமான மூத்திரத்தில் படிகம் தானாகவே படியும். உடம்புக்குள் இல்லாதது டப்பாவுக்குள் பிறந்துவிடும். எடுத்து அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் சூடு ஆறாமல் பார்க்க வேண்டும். அதுவும் போக, நன்றாக இருக்கிற பூனை மூத்திரத்திலும் கொஞ்சம் படிகம் இருக்கலாம், அதை மட்டும் வைத்து வியாதி என்று சொல்ல முடியாது. அடுத்தநாள் ஊசியால் எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமே இல்லை. அடர்த்தி 1.029. (அந்த மாவில் பிறகு தோசை சுட்டோமா என்று கேட்காதீர்கள்.)

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அடுத்த வருஷம் அவனுக்குத் திரும்ப வந்தது. பக்கத்துக் காலி மனையில் வீடு வேலை தொடங்கி, காலை முதல் டைல்ஸ் அறுக்கும் சத்தம். போதாததற்கு ஒரு நாய். குட்டப்பன் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். காலண்டரில் கோடுகள் எட்டு, ஒன்பது என்று ஏறின, ஒரு உருண்டையில் இளஞ்சிவப்பு. இந்த முறை அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். அடைப்பு இல்லை, படிகமும் இல்லை, கிருமியும் இல்லை. தீனியும் அதே தீனி. மூத்திரத் தொல்லையோடு வருகிற பூனைகளில் பாதிக்கு மேல் இப்படித்தானாம், பையின் உள்சுவர் காரணம் பிடிபடாமல் புண்ணாகும், பயமும் மனஉளைச்சலும் அதைக் கிளப்பும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் பல வருஷம் இதையே ஆராய்ந்து, மருந்தைவிட வீட்டை மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். நாங்கள் அறையை மாற்றினோம். இரண்டாவது மண் தட்டு, கிழக்கு ஜன்னல், பழைய சேலை மடித்த பெட்டி. ஒரு வாரத்தில் அடங்கியது. அதிலும் கெட்டி குறைந்த மூத்திரம் புண்ணில் எரிச்சலைக் குறைக்கும் என்பதால் சாளை வெள்ளம் நின்றபாடில்லை. அந்தச் சளியும் மணலும் மறுபடி மறுபடி அடைத்தால் நுனியை வெட்டிப் பாதையை அகலப்படுத்துகிற ஆபரேஷன் ஒன்று உண்டு. இதுவரை அது வேண்டியிருக்கவில்லை.

இந்த ஜூனிலும் படகுகள் கரையேறின. சாளை விலை ஏறிற்று. அக்கா எங்களுக்கென்று நாலு சாளையைத் தனியாக எடுத்து வைத்து, “கண்டனுக்குத்தானே மக்களே, எடுத்துக்கோ” என்று காசு கூடக் கேட்காமல் போனாள். மற்றபடி நாங்கள் தேங்காய்ச் சம்பந்தியும் மரச்சீனிக் கிழங்கும்தான்.

போன வாரம் வினாத்தாள் கூட்டம், ஹெட்மிஸ்டிரஸ் பேசிக்கொண்டிருக்கிறார். என் போன் அடித்தது. அணைக்கப் போய் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். அறை முழுக்க அம்மையின் குரல்: “எட்டி, மூணு தடவ மோண்டான் கேட்டியா? மூணும் பெரிசு.”